‘குவைட்’ என்றால் ஓரளவா, முழுக்கவா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மாலையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஐந்தாம் படிவப் பிள்ளைகள், அவர்களை மோட்டாரில் கொண்டுவந்து விடும் அம்மாக்கள், ஈப்போவில் ஹோட்டல் வேலைக்கும் பினாங்கில் ஃபேக்டரி வேலைக்கும் போகிற இளசுகள் என்று பலரும் வருவார்கள். வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் கேட்கிற சந்தேகம் ஒன்று உண்டென்றால் அது ‘குவைட்’ (quite) என்ற ஆங்கிலச் சொல் பற்றியதுதான். அகராதியைத் திறந்தால் ‘ஓரளவு’ என்றும் போட்டிருக்கும், ‘முற்றிலும்’ என்றும் போட்டிருக்கும். எதை எடுப்பது?

கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு பதில்களைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். பின்னால் வருகிற பலவும் அவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

டீச்சர், குவைட்டுன்னா கொஞ்சமா ரொம்பவா? ஒரே வார்த்தைல சொல்லிடுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது, இரண்டில் முடியும்: ஓரளவுக்கு, முழுக்க. இந்த இரண்டில் எது என்பதைப் பக்கத்தில் நிற்கிற சொல்தான் முடிவு செய்யும். ‘தி டீ இஸ் குவைட் ஹாட்’ என்றால் தே ஓரளவு நல்ல சூடு, ஆனால் நாக்கு வேகிற சூடு இல்லை. ‘தி கிளாஸ் இஸ் குவைட் எம்ப்டி’ என்றால் கிளாஸ் சுத்தமாகக் காலி, ஒரு சொட்டு கிடையாது.

சூடு கூடும், குறையும். அதனால் அதன் பக்கத்தில் குவைட் வந்தால் நடுவில் எங்கேயோ நிற்கும். காலி என்றால் காலிதான், அதில் ஏற்ற இறக்கம் இல்லை. அங்கே குவைட் வந்தால் ‘முழுக்க’ என்று அழுத்திச் சொல்லும். இது பிரிட்டிஷ் வழக்கு, நம் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். அமெரிக்கர்கள் பேச்சு வேறு மாதிரி, அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

எது கூடும் குறையும், எது அப்படியே நிக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘வெரி’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். வெரி ஹாட், வெரி டயர்ட், வெரி எக்ஸ்பென்சிவ் எல்லாம் காதுக்குச் சரியாக இருக்கும். இவை கூடிக் குறையும் சொற்கள், குவைட் போட்டால் ‘ஓரளவுக்கு’. வெரி டெட், வெரி இம்பாசிபிள், வெரி பெர்ஃபெக்ட் என்று சொன்னால் நெருடும். இவற்றோடு குவைட் போட்டால் ‘முழுக்க’. எக்ஸாஸ்டட், எக்ஸலண்ட் மாதிரி ஏற்கெனவே உச்சத்தில் நிற்கிற சொற்களும் இந்தப் பக்கம்தான். ‘குவைட் டயர்ட்’ என்கிறவர் வீட்டுக்குப் போய்ச் சமைப்பார். ‘குவைட் எக்ஸாஸ்டட்’ என்கிறவருக்கு நீங்கள்தான் சோறு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

இந்தச் சோதனையில் தப்பித்துப் போகிற சில சொற்களும் உண்டு. முக்கியமானது ‘டிஃபரன்ட்’. வெரி டிஃபரன்ட் என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனாலும் ‘குவைட் டிஃபரன்ட்’ என்றால் பெரும்பாலும் ‘முற்றிலும் வேறு’ என்றுதான் பொருள். ஷூர், சர்ட்டன் இரண்டும் இதே மாதிரி. ‘ஐ அம் குவைட் ஷூர்’ என்றால் சந்தேகமே இல்லை என்று அர்த்தம். இந்த மூன்றை மட்டும் தனியாக ஞாபகம் வைத்தால் போதும்.

என் மகன் குவைட்டையும் குவையட்டையும் மாத்தி மாத்தி எழுதுறான். ஏதாவது வழி இருக்கா?

உங்கள் மகன் மட்டுமில்லை, பட்டதாரிகளும் மாற்றி எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரும் பல சமயம் பிடித்துக் கொடுக்காது, இரண்டுமே சரியான எழுத்துக்கூட்டு உள்ள சொற்கள்தானே. உச்சரிப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமைதி என்ற பொருளுள்ள ‘க்வை-யட்’ (quiet) இரண்டு அசை. அதில் ‘யட்’ என்று தனியாகக் கேட்பதால் டி-க்கு (t) முன்னால் இ (e) வரும். நம்முடைய ‘க்வைட்’ ஒரே அசை, அதில் இ கடைசியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். விட்டுவிடுதல் என்ற பொருளுள்ள ‘க்விட்’டில் (quit) அந்த இ-யே கிடையாது.

மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் ‘குயேட்டுஸ்’, ஓய்ந்திருப்பது. அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக, கடன் பொறுப்பு எல்லாம் தீர்ந்து விடுபட்டவன் என்ற பொருளில் ‘க்விட்’ வந்தது. பாக்கி எதுவும் இல்லாமல் என்பதிலிருந்து ‘முழுக்க’ என்ற பொருளோடு குவைட் பிறந்தது. ஆக, முழுக்க என்பதுதான் மூத்த பொருள். ‘ஓரளவு’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, ஆனால் கடைசிக் கேள்விக்கு வேண்டியிருக்கும்.

பஹாசாவுல, அதான் மலாய்ல, ‘அகாக்’ தானே? அப்படியே போட்டுக்கலாம்ல?

பாதி இடத்தில் போடலாம். ‘குவைட் எக்ஸ்பென்சிவ்’ என்பதற்கு அகாக் மஹால் அழகாகப் பொருந்தும். ஆனால் ‘யூ ஆர் குவைட் ரைட்’ என்பதை அகாக் பெத்துல் என்று புரிந்துகொண்டால் ‘நீ சொல்வது ஏதோ கொஞ்சம் சரி’ என்று ஆகிவிடும். சொன்னவர் நினைத்தது மெமாங் பெத்துல், நூற்றுக்கு நூறு சரி.

அகாக்கைப் பிடித்துக்கொண்டு ‘முழுக்க’ என்ற பாதியை மறந்துவிடுவதுதான் நம் பிள்ளைகள் செய்கிற பெரிய தப்பு. தமிழில் ‘கொஞ்சம்’ என்று போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சமையலில் வேண்டுமானால் அகாக்-அகாக், அதாவது கண்ணளவு, பார்த்துப் போடுங்கள்.

‘குவைட் எ ஃபியூ’ன்னா கொஞ்சம் பேருன்னுதானே அர்த்தம்? ஃபியூன்னாலே கம்மிதானே?

இல்லை. கணிசமான பேர், நிறையவே. ‘குவைட் எ ஃபியூ ஃபேமிலிஸ் மூவ்ட் அவுட் ஆஃப் தி எஸ்டேட்’ என்றால் தோட்டத்தை விட்டு நிறையக் குடும்பங்கள் வெளியேறிவிட்டன. ஒன்றிரண்டு குடும்பம்தான் என்று சொல்ல வேண்டுமானால் ‘ஒன்லி எ ஃபியூ’. தேர்வில் வாசிப்புப் பகுதியில் இதை வைத்துக் கேள்வி வந்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே கவிழ்கிறார்கள்.

‘குவைட் எ லாட்’, ‘குவைட் எ பிட்’ இரண்டும் இதே ஜாதி. பிட் என்றால் துணுக்கு, ஆனால் ‘குவைட் எ பிட் ஆஃப் மணி’ என்றால் நல்ல தொகை. ‘குவைட் சம் டைம்’ என்றால் வெகு நேரம், அல்லது ரொம்ப நாள். இவற்றில் பக்கத்துச் சொல்லைப் பார்க்கிற விதி வேலை செய்யாது. மொத்தமாக ஒரே சொல்லாக நினைத்துப் பழகிவிடுங்கள்.

‘நாட் குவைட்’னு ஒருத்தர் சொன்னா முடிஞ்சுதா முடியலையா?

முடியவில்லை, ஆனால் கிட்டத்தட்ட. ‘இஸ் தி ரைஸ் ரெடி?’ ‘நாட் குவைட்.’ இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று பொருள். இதில் குவைட் எப்போதும் ‘முழுக்க’ என்ற மூத்த பொருளில்தான் நிற்கும், ‘நாட்’ அதை ஒரு படி கீழே இறக்கிவிடும்.

இது மரியாதையான மறுப்பும்கூட. கூட்டத்தில் ஒருவர், ‘தட்ஸ் நாட் குவைட் வாட் ஐ செட்’ என்றால், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று கோபத்தை விழுங்கிக்கொண்டு சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ டோன்ட் குவைட் அண்டர்ஸ்டாண்ட்’ என்பதும் அப்படியே. சில சமயம் ஒன்றுமே புரியாதவர்கள்தான் அதைச் சொல்வார்கள்.

‘எ’வை எங்க போடணும்? எ குவைட் குட் ஹவுஸா, குவைட் எ குட் ஹவுஸா?

குவைட் எ குட் ஹவுஸ். ‘எ வெரி குட் ஹவுஸ்’ என்று எழுதிப் பழகிய கை, குவைட்டுக்கும் முன்னால் எ-வைப் போட்டுவிடுகிறது. குவைட்டுக்குப் பின்னால்தான் எ வரும். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ஆன்: குவைட் ஆன் ஓல்ட் ஹவுஸ். எ முன்னால் வருகிற வடிவமும் சில நேரம் அச்சில் கண்ணில் படும்தான், ஆனால் பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

அப்புறம், நடுவில் குணம் சொல்கிற சொல்லே இல்லாமல் ‘இட் வாஸ் குவைட் எ வெட்டிங்’ என்று வரும். கல்யாணம் என்றால் அது கல்யாணம், அசத்திவிட்டார்கள் என்று பொருள். ‘ஷீ இஸ் குவைட் தி குக்’ என்றாலும் பாராட்டுதான், ஆனால் அதில் லேசான கிண்டலும் ஒளிந்திருக்கலாம்.

‘ஐ குவைட் லைக் இட்’னு பையன் சொல்றான். பிடிச்சிருக்கா பிடிக்கலையா? பொண்ணு வீட்டுல குழம்பிப் போயிட்டாங்க.

உண்மையிலேயே வந்த கேள்வி. பையன் லண்டனில் படித்துவிட்டு வந்தவராம், வீட்டில் காட்டிய புடவையைப் பற்றிச் சொன்னாராம். பிடித்திருக்கிறது, தலைகால் புரியாமல் இல்லை. லைக், என்ஜாய் மாதிரிக் கூடிக் குறைகிற வினைச்சொற்களோடு குவைட் ‘ஓரளவுக்கு’ என்று நிற்கும். அக்ரீ, அண்டர்ஸ்டாண்ட், ஃபர்கெட் ஆகியவற்றோடு ‘முழுக்க’: ‘ஐ குவைட் அக்ரீ’ என்றால் முழுச் சம்மதம், ‘ஐ குவைட் ஃபர்காட்’ என்றால் சுத்தமாக மறந்துவிட்டேன். இரண்டாவது பதிலில் சொன்ன விதியேதான் வினைச்சொல்லுக்கும்.

கூடிக் குறைகிற எல்லாச் சொல்லோடும் இங்கிலாந்துக்காரர்கள் இதை அடக்கிப் பேசவும் பயன்படுத்துவார்கள் என்பதால், அந்தப் புடவை அவருக்கு நிஜமாகவே ரொம்பப் பிடித்திருக்கவும் கூடும். இதற்கு மேல் இலக்கணத்தைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, பையனைத்தான் கேட்க வேண்டும்.

எங்க பாஸ் அமெரிக்கக்காரர். ‘யுவர் ரிப்போர்ட் இஸ் குவைட் குட்’னு மெயில் போட்டிருக்கார். சந்தோஷப்படவா, திருத்தி எழுதவா?

சந்தோஷப்படுங்கள். அமெரிக்க வழக்கில் குவைட் பொதுவாக ‘வெரி’க்குப் பக்கத்தில் நிற்கும். குவைட் குட் என்றால் நன்றாகவே இருக்கிறது. அதே வரியை ஓர் ஆங்கிலேயர் எழுதியிருந்தால் ‘பரவாயில்லை’ என்று எடுத்துக்கொண்டு, எங்கே இன்னும் சரிசெய்யலாம் என்று பார்ப்பது உத்தமம். பெர்ஃபெக்ட், இம்பாசிபிள் மாதிரிச் சொற்களில் இரண்டு நாட்டாரும் ஒத்துப்போகிறார்கள். சண்டை எல்லாம் குட், ஹாட், நைஸ் வகையில்தான்.

பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 1972-இல் இண்டெல் வந்ததிலிருந்து அமெரிக்கக் கம்பெனிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நாம் பள்ளியில் படித்ததோ பிரிட்டிஷ் ஆங்கிலம். நீங்கள் அவர்களுக்கு எழுதும்போதும் இதைக் கவனியுங்கள். ‘தி ப்ராப்ளம் இஸ் குவைட் சீரியஸ்’ என்று நீங்கள் ஓரளவுக்கு என்ற நினைப்பில் எழுதுவீர்கள், அங்கே இருப்பவர் பதறிக்கொண்டு ஃபோன் செய்வார். மெஷின் பழுது, டெலிவரி தாமதம் மாதிரி விஷயங்களில் குவைட்டே வேண்டாம். எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை பீஸ் குறைந்தது என்று எண்ணில் எழுதிவிடுங்கள்.

எழுத்துல சரி, பேசும்போது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குரலைக் கேளுங்கள். பிரிட்டிஷ் பேச்சில் குவைட்டை அழுத்தி, குட்டை மெல்ல விட்டால் அது அரைமனது. ‘குவை...ட் குட்’ என்று இழுத்தாலே அடுத்து ஒரு ‘பட்’ வரப்போகிறது என்று அர்த்தம். குவைட்டை வேகமாகத் தாண்டி, குட்டை அழுத்தினால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்று பொருள். தமிழில் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பதை நாம் எத்தனை விதமாக இழுத்துச் சொல்கிறோம்!

‘குவைட் ஓகே லா’ன்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றோமே, தப்பா?

தப்பில்லை. ஒட்டுக்கடையில் தாராளமாகச் சொல்லுங்கள். மெயிலில் ‘லா’வை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

குவைட், ஃபேர்லி, ராதர், பிரிட்டி – எது பெருசு எது சின்னது?

கீழிருந்து மேலே ஏற்றினால், பிரிட்டிஷ் வழக்கில் ஏறக்குறைய இப்படி வரும்: ஃபேர்லி, குவைட், அதற்கு ஒரு படி மேலே ராதரும் பிரிட்டியும், எல்லாவற்றுக்கும் மேலே வெரி. ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன், குரலை வைத்து இந்த வரிசை மாறும். ராதர் பெரும்பாலும் குறை சொல்லும் இடத்தில் வரும்: ராதர் எக்ஸ்பென்சிவ், ராதர் ஸ்லோ. நல்லதைச் சொல்ல ராதர் போட்டால், எதிர்பாராமல் நல்லதாக இருந்தது என்ற தொனி வரும். பிரிட்டி பேச்சு வழக்கு, வேலை விண்ணப்பத்தில் போடாதீர்கள்.

ஃபேர்லி, ராதர், பிரிட்டி மூன்றுக்கும் ‘முழுக்க’ என்ற பொருள் கிடையாது. அந்த இரட்டை வேலை குவைட்டுக்கு மட்டும்தான்.

‘திஸ் ஹவுஸ் இஸ் குவைட் பிக்கர்’னு எழுதினேன், சிவப்புக் கோடு போட்டுட்டீங்க. ஏன்?

ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் சொல்லுக்கு முன்னால் குவைட் நேராக நிற்காது. எ பிட் பிக்கர், மச் பிக்கர் என்று எழுதலாம். குவைட்டை விட மனமில்லை என்றால் நடுவில் ஆள் வையுங்கள்: ‘குவைட் எ பிட் பிக்கர்’, ‘குவைட் எ லாட் பிக்கர்’. இரண்டும் சரி, இரண்டுக்கும் ‘நல்லாவே பெரியது’ என்று பொருள்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. நோயிலிருந்து எழுந்தவரைப் பற்றி ‘ஷீ இஸ் குவைட் பெட்டர் நவ்’ என்றால் பூரணமாகக் குணமாகிவிட்டார் என்று பொருள். இங்கே பெட்டர் ஒப்பீடாக நிற்கவில்லை, ‘குணமான’ என்று தனிச்சொல்லாக நிற்கிறது. குணமானவர் குணமானவர்தான், ஏற்ற இறக்கம் இல்லை. பிறகு ‘முழுக்க’ வருவதில் என்ன ஆச்சரியம்?

எஸ்.பி.எம். கட்டுரைல குவைட் போட்டா மார்க் போகுமா?

ஒன்றிரண்டு இடத்தில் சரியாகப் போட்டால் போகாது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதுகிற இந்த அரசுத் தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளின் கடைசிக் கட்டுரையே 200-லிருந்து 250 சொல்தான், அதில் பத்து வரிக்கு ஒன்று என்று குவைட்டைத் தூவினால் சரக்கு இல்லாதவன் எழுதிய மாதிரி இருக்கும். ‘தி ரிவர் வாஸ் குவைட் டர்ட்டி’ என்பதற்குப் பதில் ஆற்றில் என்ன மிதந்தது என்று எழுதச் சொல்கிறேன். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறார்கள்.

கேள்வி கேட்டா, ‘குவைட்’னு ஒத்தை வார்த்தைல பதில் சொல்றாங்களே, அது என்ன?

‘ஆமாம், அதுதான்’ என்பது. பழைய பாணி இங்கிலாந்துப் பேச்சு. ‘குவைட் ஸோ’ என்றாலும் அதேதான். சீரியலில் கேட்டு ரசியுங்கள், நாம் சொன்னால் கொஞ்சம் வேஷம் போட்ட மாதிரி இருக்கும்.

எங்க தாத்தாவுக்கு 1960-கள்ல தோட்டத்துத் துரை கொடுத்த லெட்டர் இருக்கு. ‘ஹிஸ் ஒர்க் ஹேஸ் பீன் குவைட் சேட்டிஸ்ஃபேக்டரி’ன்னு எழுதியிருக்கார். பாராட்டா, மட்டம் தட்டுறாரா? வீட்டுல ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பிரிட்டிஷ் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகிக்கொண்டிருந்த காலம் அது. நம் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான். வேலை போன பால்மரத் தொழிலாளிக்கு அடுத்த தோட்டத்தில் காட்ட இந்த மாதிரி ஒரு தாள் கையில் இருப்பது பெரிய விஷயம். அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது நியாயம்தான்.

சேட்டிஸ்ஃபேக்டரி, டிஃபரன்ட் மாதிரி எல்லையில் நிற்கிற சொல். ‘திருப்தி, குறை இல்லை’ என்று கோடு போட்டுப் பார்த்தால் அது கூடிக் குறையாது, அப்போது குவைட் ‘முழுக்க’ ஆகும். அலுவலகக் கடிதங்களின் மொழி பேச்சைவிடப் பழசாகவே இருக்கும், மூத்த பொருளை லேசில் விடாது. அதனால் என் கணக்கில் அது ‘இவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை’ என்ற நற்சான்று. உருகிப் போய்ப் புகழவில்லை என்பதும் உண்மை. உருகி எழுதுவது அந்தக் கடிதங்களின் பாணியே இல்லை.

அந்த ஒரு வரியை மட்டும் வைத்துச் சண்டை போடாமல் அடுத்த வரிகளைப் பாருங்கள். ‘ஹி லீவ்ஸ் ஆஃப் ஹிஸ் ஓன் அக்கார்ட்’ என்று இருந்தால் அவராக விலகினார், யாரும் நிறுத்தவில்லை. ‘ஐ ஹேவ் நோ ஹெசிடேஷன் இன் ரெக்கமெண்டிங் ஹிம்’ என்று இருந்தால் பேச்சே இல்லை, பாராட்டுக் கட்சி ஜெயித்தது. இரண்டும் இல்லாமல் அந்த ஒற்றை வரியோடு கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால், மட்டம் தட்டும் கட்சிக்கும் பேச இடமிருக்கிறது. தாளை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.